ஏட்டிலிருந்து விசைப்பலகை வரை

பாடக் குறிப்புகளைக் கையால் எழுதுவது நன்றா, கணினியிலோ கைப்பேசியிலோ தட்டச்சுச் செய்வது நன்றா என்னும் வினா இன்று கல்விக்கூடங்கள் எங்கும் எழுகிறது. அரபுக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளும் மாணவர்களை நாம் காண்கிறோம். 'மக்தபா ஷாமிலா' போன்ற மென்பொருள்களில் ஆயிரக்கணக்கான அரபு நூல்கள் விரல் நுனியில் கிடைக்கும்போது, எழுதித்தான் ஆகவேண்டுமா என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. இதற்கு விடை காண முற்படுமுன், எழுதிக் கற்றல் நம் மரபில் எவ்வாறு இருந்தது என்பதை நோக்குதல் தகும்.

முதன்முதலில் அருளப்பட்ட வசனங்களே எழுதுகோலைக் கல்வியோடு இணைத்துப் பேசுகின்றன. பத்ருப் போரில் (கி.பி. 624) சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிந்தோர், மதீனாச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்தலையே தம் விடுதலைக்கு ஈடாக அளித்தனர் என வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அனுமதி பெற்று, அவர்களிடம் கேட்டவற்றை எழுதிவைத்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் தொகுப்பு 'அஸ்ஸஹீஃபத்துஸ் ஸாதிக்கா' எனப் பெயர் பெற்றது.

ஆயினும், எழுதிவிட்டாலே கற்றாயிற்று என நம் முன்னோர் கருதினாரல்லர். எழுதிய படியை மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கும் 'முகாபலா' என்னும் ஒப்புநோக்கல் அவர்களிடம் இன்றியமையாத ஒழுங்காக இருந்தது. மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவரான உர்வா (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதியதை ஒப்புநோக்கினாயா எனக் கேட்டார்களாம். இல்லை என்றதும், அப்படியாயின் நீ எழுதவே இல்லை என்றார்களாம். மாணவன் தன் படியை ஆசிரியர் முன் உரக்க வாசித்து, அவர் திருத்தக் கேட்டுத் திருத்திய பின்னரே அதனைப் பிறர்க்கு அறிவிக்கும் 'இஜாஸா' வழங்கப்பட்டது.

அரபுக் கல்லூரிகளில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் 'தஃலீமுல் முதஅல்லிம்' நூலின் ஆசிரியர் புர்ஹானுத்தீன் அஸ்ஸர்னூஜி (ரஹ்) அவர்கள் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார்கள். பாடத்தை மனத்தில் நிறுத்திப் பன்முறை மீட்டிய பின்னரே எழுதவேண்டும் என்பதும், விளங்காததை எழுதுவது அறிவைக் கூர்மழுக்கிக் காலத்தையும் வீணாக்கும் என்பதும் அவர்களின் அறிவுரை. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இக்கருத்து, இன்றைய விவாதத்தின் நடுப்புள்ளியைத் தொடுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058-1111) ஜுர்ஜானிலிருந்து திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களின் குறிப்பேடுகளைக் கவர்ந்தனர். ஏடு போனால் அறிவும் போய்விடுமா எனக் கொள்ளையர் தலைவன் எள்ளியதாகவும், அதன்பின் மூன்றாண்டுகள் அக்குறிப்புகளை அவர்கள் மனனம் செய்ததாகவும் இமாம் சுப்கீ (ரஹ்) எழுதுகிறார்கள். அக்குறிப்புகளும் கையால் எழுதப்பட்டவையே என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாஞ்சில் நாட்டுச் சூழலிலும் இதே உண்மை புலப்படுகிறது. மேற்கே அரபு மலையாளமும் கிழக்கே அரபுத் தமிழும் வழங்கிய நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட எல்லை நாடு இது. மேலைக் கடற்கரையின் ஓத்துப்பள்ளிகளில் சிறுவர்கள் மண் பூசிய மரப்பலகையில் பாடத்தை எழுதி, ஓதி, மனனமான பின் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதினர். அங்கு எழுத்து சேமித்து வைப்பதற்காக அன்று. நெஞ்சில் ஏற்றுவதற்காகவே எழுதப்பட்டது.

பனையோலை ஏட்டின் நிலையும் கருதத்தக்கது. ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ரகரத்திற்கும் காலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பொருள் அறிந்தவனே அதனைப் பிழையின்றிப் படிக்கவும் படியெடுக்கவும் இயலும். புள்ளியும் குறியும் இல்லாத தொடக்ககால அரபு எழுத்தும் இத்தகையதே. ஆதலின், இரு மரபிலும் ஏட்டுக்கு அருகே ஆசிரியரின் குரல் தேவைப்பட்டது. தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் 'ஞானப் புகழ்ச்சி' அச்சேறிய பின்னும், ஆண்டு விழாவில் பலர் கூடிப் பாடுவதால் இன்றும் நாவில் வாழ்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் கல்லச்சு பரவியபோது அரபுத் தமிழ் நூல்கள் பல அம்முறையில் வெளிவந்தன. எழுத்தரின் கையெழுத்தே அவ்வாறு அச்சாயிற்று. கருவி மாறியபோதும் கை உடனே விலகிவிடவில்லை.

இனி இக்கால ஆய்வுகளை நோக்குவோம். 2014-இல் அமெரிக்க அறிஞர்கள் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுத்தோர் சொல்லுக்குச் சொல் பதிவு செய்ததாகவும், கருத்து வினாக்களில் கையால் எழுதியோரைவிடப் பின்தங்கியதாகவும் கூறிற்று. அதே ஆய்வைத் திரும்பச் செய்த உர்ரி குழுவினர் 2021-இல் வெளியிட்ட முடிவு வேறு: சொற்கள் அப்படியே பதிவாயின, தேர்ச்சியில் உறுதியான வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே, தட்டச்சால் அறிவு குன்றும் எனத் தீர்ப்பளிப்பது அவசரமாகும். சிந்தியாமல் பகர்த்து எழுதும் கைக்கும் அதே குறை உண்டு.

எனினும் ஒரு துறையில் கையின் மேன்மை தெளிவாகிறது. வைலி, ராப் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அரபு அறியாத 42 பேர் அரபு எழுத்துகளைக் கற்றனர். கையால் எழுதிக் கற்றோர், தட்டச்சுச் செய்தோரையும் பார்த்து மட்டும் கற்றோரையும்விட விரைவாகத் தேர்ந்தனர். கற்றதைப் புதிய சொற்களை எழுதவும் படிக்கவும் பயன்படுத்துவதிலும் முந்தினர். இதன் காரணத்தை அரபு கற்பிப்போர் எளிதில் உணர்வர். அரபு எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவு மாறுவது. விசைப்பலகையில் அவ்விணைப்பைப் பொறியே செய்துவிடுகிறது. வலமிருந்து இடமாக எழுதிப் பழகும் தமிழ்ச் சிறுவனின் கை அதனைத் தானே செய்து அறிதல் வேண்டும்.

ஆதலால் நாம் கொள்ளத்தக்க நெறி இதுவாகும். தொடக்க வகுப்புகளில் எழுத்தும் சொல்லிலக்கணமும் கையால் எழுதியே கற்பிக்கப்படுதல் வேண்டும். மேல் வகுப்புகளில் நூல் தேடவும் மேற்கோள் திரட்டவும் கணினியைத் தடுத்தல் தகாது. ஆயின், எந்தக் கருவியால் எழுதினும், விளங்கிய பின் எழுதுதல், எழுதியதை ஆசிரியரிடம் வாசித்துக் காட்டித் திருத்துதல், ஏட்டை மூடிச் சொல்லிப் பார்த்தல் ஆகிய மூன்றும் விடுபடலாகாது. மாணவனின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி அவனோடு அமர்ந்து ஒப்புநோக்கும் நேரத்தை ஆசிரியர்களாகிய நாம் ஒதுக்காவிடின், எழுதுகோலைக் கட்டாயமாக்குவதால் மட்டும் பயன் விளையாது.

பயன் தரும் கல்வியை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.