வின்ச் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பழங்கதை

சேற்றிலோ மணலிலோ மாட்டிக்கொண்ட ஜீப் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்காக முன்பக்கம் பொருத்தும் வின்ச்சைப் பற்றியது இந்தப் பதிவு. என் அண்ணன் மகன் சமீபத்தில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினான். முப்பதாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு ஒரு வின்ச் பார்த்து வைத்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் கேட்டான். "வாங்கு, ஆனால் எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்துகொண்டு வாங்கு" என்றேன். அந்த "ஆனால்" கொஞ்சம் நீளமானது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடக் கதை. போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வின்ச் என்பது ஒன்றும் புதுமை இல்லை. ஒரு உருளை, அதில் சுற்றிய கயிறு, உருளையைச் சுழற்ற ஒரு நீண்ட கைப்பிடி. அவ்வளவுதான். கைப்பிடி பெரிய வட்டம் போடும், உருளை சின்ன வட்டம் போடும். பத்து அடி தூரம் நாம் தள்ளினால் கயிறு ஒரு அடிதான் நகரும். ஆனால் பத்து மடங்கு பலத்தோடு நகரும். நேரத்தைக் கொடுத்து பலத்தை வாங்குகிற வியாபாரம் இது. இன்றைய மின்சார வின்ச்சும் இதே வியாபாரத்தைத்தான் செய்கிறது. கைப்பிடிக்குப் பதில் மோட்டாரும் பல்சக்கரங்களும் வந்திருக்கின்றன.

கி.மு. 480-இல் பாரசீக மன்னன் செர்க்ஸஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்தபோது ஹெல்லஸ்பான்ட் நீரிணையின் குறுக்கே படகுகளை வரிசையாக நிறுத்திப் பாலம் கட்டினான். அந்தப் பாலத்தைத் தாங்கிய வடங்களைக் கரையிலிருந்து மர வின்ச்சுகளால் முறுக்கி இறுக்கினார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவர் இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். வடங்கள் இரண்டு வகையாம்: ஃபினீசியர்கள் திரித்தது ஆளி நார், எகிப்தியர்கள் திரித்தது பாப்பிரஸ். எடையைக்கூட ஒப்பிட்டிருக்கிறார். எந்திரத்தைவிடக் கயிற்றைப் பற்றித்தான் அந்த மனிதர் அதிகம் கவலைப்பட்டிருக்கிறார். இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியதும் அதுதான்.

அதற்குப் பிறகு இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் கயிறு என்றால் நார்தான். கப்பலில் நங்கூரம் தூக்கியதும் நார்க்கயிறு, நம் ஊரில் தேர் இழுத்த வடமும் நார்க்கயிறு, கமலையில் மாடு இழுத்ததும் நார்க்கயிறு. இந்த நிலை மாறியது சுரங்கத்தில். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்டால் என்ற ஊரில் வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்ற சுரங்க அதிகாரி இருந்தார். ஆழமான சுரங்கத்தில் சணல் கயிறு இற்றுப்போகும். சங்கிலியில் ஒரே ஒரு வளையம் விட்டுப்போனாலும் எல்லாம் கீழே விழும். இரும்புக் கம்பிகளைக் கயிறுபோல ஒன்றோடொன்று முறுக்கி 1834-இல் அவர் பயன்படுத்தினார். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். இன்று நாம் சொல்லும் வயர் ரோப் அங்கேதான் பிறந்தது.

பலமான கயிறு கிடைத்ததும் அடுத்து நீராவி வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் ஜான் ஃபவுலர் நீராவி எந்திரத்தால் வயலை உழ முயன்றார். அவ்வளவு கனமான எந்திரத்தை வயலுக்குள் விட்டால் அதுவே புதைந்துவிடும். எனவே எந்திரத்தை வரப்போரம் நிறுத்தி, ஏரை மட்டும் கம்பி வடத்தால் குறுக்கும் நெடுக்குமாக இழுக்க வைத்தார். 1858-இல் ராயல் வேளாண் சங்கத்தின் 500 பவுண்டு பரிசு அவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் யுரேக்கா நகரில் ஜான் டோல்பீர் 1882-இல் காப்புரிமை பெற்ற நீராவி வின்ச், ராட்சச மரங்களைக் காட்டிலிருந்து இழுத்து வந்தது. அதற்கு முன் எருதுகளும் குதிரைகளும் செய்த வேலை அது.

மோட்டார் வண்டி வந்ததும் வின்ச் அதன் மேல் ஏறிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ லாரிகள் பலவற்றின் முன்பக்கம் வின்ச் இருந்தது. 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவருக்கும், நிமிர்ந்து நிற்கும் கேப்ஸ்டன் வகை வின்ச் தனியாகக் கிடைத்தது. இவை எல்லாம் வண்டியின் எஞ்சினிலிருந்தே பலத்தை எடுத்தவை. கியர் பாக்ஸிலிருந்தோ எஞ்சின் முனையிலிருந்தோ ஒரு தண்டு நேராக வின்ச்சுக்குப் போகும். எஞ்சின் ஓடும்வரை நாள் முழுக்க இழுக்கும், சூடாகாது, பேட்டரியும் தீராது. எஞ்சின் நின்றால் வின்ச்சும் நின்றுவிடும் என்பது ஒன்றுதான் குறை.

எண்பதுகளில் வால்பாறைப் பக்கம் சாலை வேலையில் இருந்தபோது இந்த வகை வின்ச் பொருத்திய ஒரு லாரி எங்களிடம் இருந்தது. ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே பெய்வது மழை இல்லை, வானம் உடைந்து கொட்டுவது. ஒருநாள் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று ஓடை ஓரத்தில் அச்சு வரை இறங்கிவிட்டது. எங்கள் லாரி டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். கம்பியை டிப்பரில் மாட்டியதும் திரும்பிப் பார்த்து, "சார், கம்பிக்கு நேரா நிக்காதீங்க. எல்லாரும் மேட்டுக்குப் போங்க" என்றார். நான்தான் அங்கே பொறுப்பில் இருந்தவன். ஆனாலும் குரலில் இருந்த கண்டிப்பைப் பார்த்து நானும் மேட்டுக்குப் போனேன். கம்பியின் நடுவே நனைந்த சாக்கு மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். டிப்பர் ஒரு முழம் நகர்ந்திருக்கும். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கம்பி அறுந்து, ஓடைக்கரையில் நாங்கள் முதலில் நின்ற இடத்தில் இருந்த புதரை அரிவாளால் வெட்டியது போல வெட்டிப் போட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் இறங்கி வந்து பீடி பற்றவைத்தார், அறுந்த முனையைப் பார்த்தார், "உள்ளே துரு" என்றார். வெளியே கிரீஸ் பூசிப் பளபளப்பாக இருந்த கம்பி அது.

இழுபட்ட கம்பி என்பது நாண் ஏற்றிய வில். டன் கணக்கில் இழுக்கும்போது அது கொஞ்சம் நீண்டு, அந்தச் சக்தியைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. அறுந்த நொடியில் அவ்வளவும் வெளியே வந்துவிடும். வின்ச் முப்பதாயிரமா மூன்று லட்சமா என்று கம்பிக்குத் தெரியாது.

இனி மின்சார வின்ச்சுக்கு வருவோம். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948-இல் தொடங்கிய நிறுவனம், போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலையில் ஓட்ட வசதியாக முன்சக்கரங்களுக்குப் பூட்டும் ஹப் செய்து விற்றது. 1959-இல் பொழுதுபோக்காக ஜீப் ஓட்டுபவர்களுக்கென்று பேட்டரியில் ஓடும் வின்ச்சைக் கொண்டுவந்தது. 1974-இல் வந்த 8274 என்ற அதன் மாடல் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. 8,000 பவுண்டு இழுவை, 74-ஆம் வருடம். 1980-இல் பிரேசிலின் அமேசான் சாலையில் தொடங்கி 2000 வரை நடந்த கேமல் டிராஃபி பயணங்களின் புகைப்படங்களில், சேற்றுக்குள் வின்ச் கயிற்றோடு போராடும் லேண்ட் ரோவர்களை உலகமே பார்த்தது. விவசாயிக்கும் ராணுவத்துக்கும் உரிய கருவி ஆசைப்படும் பொருளானது அப்படித்தான். பிறகு சீனத் தொழிற்சாலைகள் அதே வடிவத்தைக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கின. இன்று என் அண்ணன் மகன் பார்த்து வைத்திருப்பது அந்த வரிசையில் வந்த ஒன்று.

மலிவு வின்ச் மோசமா? இல்லை. எப்போதாவது ஒருமுறை மாட்டிக்கொள்கிறவருக்கு அது போதும். ஆனால் பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 9,500 பவுண்டு என்றால் சுமார் 4,300 கிலோ. அந்தப் பலம் டிரம்மில் கடைசி அடுக்கு மட்டும் மிஞ்சும்படி கயிற்றை ஏறக்குறைய முழுவதும் வெளியே விட்டிருக்கும்போதுதான் கிடைக்கும். கயிறு அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற டிரம் பருமனாகி, பலம் குறைந்துகொண்டே வரும். நான்காவது அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். முன்பு சொன்ன பெரிய வட்டம், சின்ன வட்டக் கணக்குதான் இது.

வண்டியின் மொத்த எடை, சாமான்களோடு சேர்த்து எவ்வளவோ, அதைப்போல ஒன்றரை மடங்கு இழுவை உள்ளதை வாங்க வேண்டும் என்பது பொதுவான விதி. 2 டன் வண்டிக்கு 3 டன், அதாவது 6,600 பவுண்டு. அடுக்குக் குறைவையும் சேர்த்துப் பார்த்தால் 9,500 நியாயமான அளவு. அச்சு வரை சேற்றில் இறங்கிய வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான பலமோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்பதால்தான் இந்த விதி.

மின்சார வின்ச் முழுப் பலத்தில் இழுக்கும்போது சுமார் 400 ஆம்பியர் குடிக்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது அதில் கால் பங்கு இருந்தால் அதிகம். மிச்சம் முழுக்கப் பேட்டரியிலிருந்துதான். அதனால் எஞ்சினை ஓடவிட்டு, சில நொடிகள் இழுத்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். மலிவு வின்ச்சுகள் பல எரிந்துபோவது சுமையால் இல்லை, அவசரத்தால். தண்ணீர் புகாத மூடியும் நல்ல சோலனாய்டும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. வண்டியின் சேஸில் பொருத்த வேண்டும். வெறும் பம்பரில் மாட்டினால் பம்பர் மட்டும் வெளியே வரும். 2017 டிசம்பரில் மத்திய அரசு புல் பார் போன்ற கூடுதல் முன்தடுப்புகள் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே முன்பக்கத்தை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மோட்டாரில் மிச்சம் பிடித்த காசைக் கயிற்றிலும் துணைச் சாமான்களிலும் போடச் சொல்வேன். முதலில் ஒரு கப்பி. ஸ்நாட்ச் பிளாக் என்பார்கள். கயிற்றை மரத்தில் கட்டிய கப்பி வழியாகத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால் வேகம் பாதியாகி, பலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சின்ன வின்ச்சைப் பெரிய வின்ச்சாக்கும் வித்தை அது. ஆனால் மரத்தின் மேல் விழும் இழுப்பும் இரட்டிப்பாகும் என்பதால் மரம் திடமாக இருக்க வேண்டும். மரத்துக்கு அகலமான பட்டை, இழுவைக்கு உரிய ஷாக்கிள், தடிமனான தோல் கையுறை, கயிற்றின் மேல் போடக் கனமான ஒரு போர்வை. இவை எல்லாம் சேர்ந்தாலும் வின்ச் விலையில் ஒரு பங்குதான்.

கயிற்றிலும் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனம் 1979 வாக்கில் பாலிஎத்திலீனை ஜெல்லாக்கி இழையாக நூற்கும் முறையைக் கண்டது. 1990-இல் டைனீமா என்ற பெயரில் அதன் உற்பத்தி தொடங்கியது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு பலம். 30 மீட்டர் எஃகுக் கம்பி சுமார் 10 கிலோ இருந்தால் இது 2 கிலோதான். அறுந்தால் எஃகு போலச் சீறி வராது. ஆனால் கூரான பாறையும் வெயிலும் இதற்கு ஆகாது. டிரம்முக்குள் பிரேக் உள்ள வின்ச்சில் மோட்டாரை ஓட்டிக் கயிறு விட்டால் சூட்டில் இழை கெடும். செர்க்ஸஸின் நாரிலிருந்து ஆல்பெர்ட்டின் கம்பிக்குப் போன கயிறு, மறுபடி நாருக்கே திரும்பியிருக்கிறது.

அது எந்த நாராக இருந்தாலும், கம்பியாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் முழுவதும் பிரித்துப் பார்த்துவிட்டு இழுங்கள். டிரம்மில் எஃகுக்குக் குறைந்தது ஐந்து சுற்று, இழைக்கயிற்றுக்குப் பத்து சுற்று மிச்சம் இருக்கட்டும். கூட வந்தவர்களை மேட்டுக்கு அனுப்புங்கள். சொல்வது யாராக இருந்தாலும், கேட்பது மேலதிகாரியாக இருந்தாலும் சரி.

பழைய ராணுவ லாரிகளிலோ எஸ்டேட் ஜீப்புகளிலோ வின்ச் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.