வாங்கிய பொருளும் பழுது பார்க்கும் உரிமையும்

தாப்பாவிலிருந்து பழைய மலைச்சாலையில் ஏறி வருகிறவர்கள் கேமரன் மலையில் முதலில் காணும் பட்டணம் எங்கள் ரிங்லெட். இங்கே தேயிலைக் காட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் இடையில் இன்றும் பழைய லேண்ட்ரோவர் வண்டிகள் ஓடுவதைக் காணலாம். கதவு இல்லாதது, பின்புறத்தை வெட்டிப் பலகை அடித்தது, இரண்டு மூன்று வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியது என்று அவை பல கோலத்தில் இருக்கும். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி 1948-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்ட வண்டியின் வழிவந்தவை இவை. செய்த கம்பெனி கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. வண்டிகளை ஓட வைத்துக்கொண்டிருப்பவர்கள் இவ்வூர்ப் பட்டறைக்காரர்கள்தாம்.

அண்மையில் எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் நான்கு நாள் வகுப்புக்கு வரவில்லை. காரணம் கேட்டோம். அவன் தந்தை முட்டைக்கோசு ஏற்றும் புதிய லோரி நின்றுவிட்டதாம். வெட்டிய கோசு அழுகுமுன் கூடை கூடையாகச் சாலைக்குச் சுமந்துவர வீட்டார் அனைவரும் போக வேண்டியிருந்ததாம். பழுது சிறியதுதான். பட்டறைக்காரர் கெட்டுப்போன உறுப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். ஆனால் லோரிக்குள் இருக்கும் கணினி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கம்பெனியின் முகவரிடம் உள்ள கருவி ஒன்றால்தான் ஏற்க வைக்க முடியும் என்றார்கள். லோரியைக் கட்டி இழுத்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் மாமன் வீட்டு லேண்ட்ரோவரை இரவல் வாங்கித்தான் மிச்சக் கோசை ஏற்றினார்கள்.

காசு கொடுத்து வாங்கிய வண்டியைச் செப்பனிடும் உரிமை யாருக்கு? வாங்கியவருக்கா, விற்றவருக்கா? இந்தக் கேள்வி புதியதன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

லேண்ட்ரோவரைச் செய்த ரோவர் கம்பெனி 1968-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் பெரிய கம்பெனிக்குள் அடங்கியது. அந்தக் கம்பெனி மோரிஸ் மரீனா என்ற காரையும் விற்றது. காரின் புகைக்குழாய் சில ஆண்டுகளில் துருப்பிடித்துப் போகும் பொருள். ஆம்ஸ்ட்ரோங் என்ற வேறொரு கம்பெனி அதே அளவில் குழாய் செய்து விற்றது. பிரிட்டிஷ் லேலண்ட் வழக்குத் தொடுத்தது. அதன் வாதம் வேடிக்கையானது. குழாயின் வரைபடம் எங்களுடையது, வரைபடத்துக்குப் பதிப்புரிமை உண்டு, ஆகவே அதே வடிவில் எங்கள் அனுமதியின்றிக் குழாய் செய்வது அந்த உரிமையை மீறுவதாகும் என்றது. புத்தகம் எழுதியவருக்கு உள்ள பாதுகாப்பைத் துருப்பிடிக்கும் குழாய்க்குக் கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றும் கொண்டன.

ஆனால் 1986-ஆம் ஆண்டு, அன்றைய உச்ச நீதிபீடமான பிரபுக்கள் சபை தீர்ப்பை மாற்றியது. நிலத்தை விற்றவன், பிறகு அந்த நிலத்தைப் பயன்படுத்த முடியாதபடி செய்யக்கூடாது என்பது பழைய சட்ட நெறி. அதே நெறியை நீதிபதிகள் காருக்கும் பொருத்தினார்கள். காரை வாங்கியவருக்கு அதைப் பழுது பார்த்து ஓட்டும் உரிமை உண்டு. அவர் யாரிடம் குழாய் வாங்குவது என்பதைக் கார் செய்தவர் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்றார்கள். நம் நாட்டின் 1996-ஆம் ஆண்டுத் தொழிலியல் வடிவமைப்புச் சட்டத்திலும் இந்த எண்ணத்தின் சாயலைக் காணலாம். ஒரு பொருளோடு ஒன்றி நிற்கும் உறுப்பு, அந்தப் பொருளின் தோற்றத்தை ஒட்டியே அமைய வேண்டியிருந்தால், அந்த வடிவ அம்சத்துக்குத் தனியுரிமை கிடையாது.

இத்துடன் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. 1997-ஆம் ஆண்டு ஹோங்கோங்கிலிருந்து வேறொரு வழக்கு பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அது நகல் இயந்திரங்களுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் உரிய மைப்பெட்டியைப் பற்றியது. மைப்பெட்டியை மாற்றுவது பழுது பார்ப்பது ஆகாது, 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவ்வளவு தூரம் நீட்ட முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். கதவு பாதி மூடியது.

அதன் பிறகு தடையின் உருவமே மாறியது. முன்பு வரைபடத்தைக் காட்டித் தடுத்தார்கள். இன்று வண்டிக்குள் கணினியை வைத்து, அதன் திறவுகோலைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் 14 கார் கம்பெனிகள் உதிரிப்பாகங்களையும் பழுதைக் கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கொடுப்பதில்லை என்று புகார் எழுந்தது. 2014-ஆம் ஆண்டு இந்தியப் போட்டி ஆணையம் அதை விசாரித்து, ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவிலோ உழவர்கள் தங்கள் டிராக்டரைத் தாங்களே திருத்த முடியாமல் அறுவடைக் காலத்தில் தவித்தார்கள். அங்கே கொலராடோ மாநிலம், பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்க்கத் தேவையான பாகங்களையும் விவரங்களையும் உழவருக்கும் கொடுக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. 2024-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் பழுது பார்க்கும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

நம் மலேசியாவில் நிலைமை என்ன? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பொருளை விற்ற பிறகு, நியாயமான காலம் வரையில், பழுது பார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பவரும் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. நல்ல பிரிவுதான். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. வசதியும் பாகமும் கிடைக்கும் என்று நாங்கள் பொறுப்பேற்கவில்லை என்று விற்கும்போதே வாங்குபவருக்குத் தெரிவித்துவிட்டால், அந்தப் பொறுப்பு நீங்கிவிடும். மேலும், இச்சட்டம் பொதுவாகச் சொந்தப் பயனுக்கும் வீட்டுப் புழக்கத்துக்கும் வாங்கும் பொருள்களுக்கே உரியது. குளிர்பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அதன் துணை உண்டு. கோசு ஏற்றும் லோரிக்கு அது துணைக்கு வராது. எந்தப் பொருள் நின்றால் குடும்பத்தின் பிழைப்பே நிற்குமோ, அந்தப் பொருள் வெளியே நிற்கிறது.

கம்பெனிகளும் ஒரு நியாயம் சொல்கின்றன. தரமில்லாத பாகத்தைப் பொருத்தினால் விபத்து நேரலாம், நிறுத்துகட்டை சரியில்லாத வண்டி மலைச்சாலையில் எமனாகும் என்கின்றன. இதை நாம் தள்ளிவிட முடியாது. இந்தச் சாலையின் வளைவுகளை அறிந்தவர்கள் நாம். ஆனால் அதற்கு மருந்து, பாகத்துக்குத் தரம் வகுப்பதும் பட்டறைக்காரருக்குப் பயிற்சி கொடுப்பதும் ஆகும். திறவுகோலை ஒருவர் கையில் மட்டும் கொடுப்பது ஆகாது.

பெற்றோர்களே, இனி ஒரு பொருளை வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? நம்மூர்ப் பட்டறையில் இதைத் திருத்த முடியுமா? முடியாது என்றால் அதை எழுத்தில் தருவீர்களா? வாங்கியதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுப் பொருளில் அநீதி நேர்ந்தால் பயனீட்டாளர் தீர்ப்பு மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம். லோரிக்கும் விவசாயக் கருவிக்கும் அந்த வழி வேண்டுமானால், அதைக் கேட்க வேண்டியவர்கள் அவற்றை நம்பி வாழும் நாமே. மரீனா காரின் புகைக்குழாய்க்கு நீதி கிடைத்தது, ஒரு சிறிய பொருள்தானே என்று ஆம்ஸ்ட்ரோங் கம்பெனி விட்டுவிடாமல் உச்ச நீதிபீடம் வரை போனதால்தான்.

வகுப்புக்குத் திரும்பிய அந்த மாணவனிடம், பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டோம். மெக்கானிக் என்றான். அவன் பட்டறை திறக்கும் நாளில், அவன் கையில் திறமை இருக்கும். அந்தத் திறமையைப் பயன்படுத்தச் சட்டமும் அவனுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும்.