கல் பங்களா

கல் பங்களா, உதகமண்டலத்தில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊரில், ஒரு மேட்டின்மேல் நிற்கிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கினார். ஐரோப்பியர் அதை ‘ஸ்டோன் ஹவுஸ்’ என்றார்கள். மலைமக்களுக்கு அது கல் பங்களா.

1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு உதவி அதிகாரிகள் மலையேறிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன குளிர்ச்சிதான் சல்லிவனை இழுத்தது. 1819 ஜனவரியில் அவரே ஏறினார். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் முதலில் ஒரு வீடு எழுப்பினார். ஐரோப்பாவில் இந்த மலைக்கு ஒப்புச் சொல்வதென்றால் சுவிட்சர்லாந்துதான் என்று எழுதினார். பிறகு உள்ளே, மேற்கே போய், மலைமக்களான தோடர்களின் மேய்ச்சல் நிலத்தை வாங்கினார். விலை ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று சொல்வார்கள். நிலம் தோடர்களுடையதே என்று பின்னாளில் அரசிடம் வாதாடியவரும் இவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றைய சுற்றுப்புறம் நாம் இன்று ‘ஊட்டி’ என்றதும் நினைப்பது அல்ல. தைல மரம் கிடையாது, ஏரி கிடையாது. மேடெல்லாம் புல், பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு, அங்கங்கே மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு, எருமைக் கூட்டம். தோடர் வீடு, பாதியாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்தது போலிருக்கும். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்வார்கள். வாசல் முழங்கால் போட்டுத் தவழ்ந்து நுழையும் அளவுதான். குளிரை வெளியே நிறுத்த அதுவே போதும். வந்தவர்களோ ஜன்னல் வைத்துக் குளிரை உள்ளே விட்டு, அதை விரட்டக் கணப்பும் மூட்டினார்கள். காட்சி பார்க்க வேண்டுமே!

வீட்டுக்கு ஏற்றபடி ஊரை மாற்றும் வேலையும் சல்லிவனோடு தொடங்கியது. 1823 முதல் 1825 வரை ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். 1826-இல் கவர்னர் தாமஸ் மன்றோ வந்து தங்கினார். அதன்பின் நோயாளிச் சிப்பாய்களும் துரைமார்களும் வந்தபடி இருந்தார்கள். புனித ஸ்டீபன் தேவாலயம் எழுந்தது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இடிக்கப்பட்ட திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1838-இல் சல்லிவனின் மனைவியும் மகளும் அதன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்கள். 1841-இல் அவர் மலையைவிட்டுப் போனார். 1840-களின் இறுதியில் தாவரவியல் பூங்கா தொடங்கியது. ஆஸ்திரேலிய மரங்கள் புல்மேடுகளைப் பிடித்துக்கொண்டன. விறகுக்காக நட்டவை இன்று சோலையை நெருக்குகின்றன.

சுவிட்சர்லாந்து ஒப்புமை வெறும் பேச்சாகவும் நின்றுவிடவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் வந்த ரயில், செங்குத்தான பகுதியில் பல்சக்கரம் கடித்து ஏறுவது சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை. நீராவி எஞ்சின்கள் பலவும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. 

கல் பங்களா இப்போது 1955-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. முன்னால் நிற்கும் ஓக் மரம் சல்லிவன் நட்டது என்று காட்டுவார்கள். ஏரி சுருங்கிவிட்டது. அதன் ஒரு பகுதியைத் தூர்த்த இடத்தில்தான் குதிரைப் பந்தயத் திடல் உருவானது; பேருந்து நிலையமும் அங்கேதான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து ஹாரன் சத்தம் ஓயாது.