கைநாட்டும் கையொப்பமும்

1993இல் இலங்கையில் கைதான சிங்கராசா என்பவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருடையது என்று நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது, மொழிபெயர்த்தவர் ஒரு காவலர், அடியில் கைநாட்டு. அடித்து வாங்கியது என்றார் அவர். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ அதை நிரூபிக்கும் சுமையையும் அவர் தலையிலேயே வைத்தது. 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் 35 ஆண்டு. உள்நாட்டில் வழி அடைபட்டபின் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இலங்கை 1980இலேயே சேர்ந்திருந்தது. தனிமனிதர் முறையிட இடம்தரும் விருப்ப நெறிமுறையை 1997இல் ஏற்றது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, விடுதலையோ மறுவிசாரணையோ உள்ளிட்ட பரிகாரம் வேண்டும் என்று 2004இல் குழு சொன்னது.

2006 செப்டம்பரில் தலைமை நீதிபதி சரத் சில்வா தலைமையிலான இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு குழுவின் கருத்தை ஏற்க மறுத்தது. ஜனாதிபதி ஒப்பமிட்டதால் நாட்டுக்குள் சட்டம் பிறந்துவிடாது; 1997இல் நெறிமுறையை ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண் என்றது. முதல் பாதியில் நியாயம் உண்டு. நாடாளுமன்றம் இயற்றாததை ஓர் ஆட்சியாளரின் கையெழுத்து சட்டமாக்கினால், அதே வழியில் உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தமும் உள்ளே வரும். ஆனால் சிங்கராசா புது உரிமை எதையும் கேட்கவில்லை. நியாயமான விசாரணை 1978 அரசியலமைப்பின் 13(3) உறுப்புரையிலேயே இருக்கிறது. அதற்கு உடன்படிக்கையின் துணையோடு பொருள்கொண்டிருந்தாலே போதும். இந்தியாவிலும் ஒப்பந்தம் தானாகச் சட்டமாவதில்லை. இருந்தும் 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்திய அரசியலமைப்பின் 14, 15, 21ஆம் பிரிவுகளோடு சேர்த்துப் படித்து, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்தது. அதற்கான சட்டம் 2013இல்தான் வந்தது. நீதிபதிகளே சட்டம் இயற்றலாமா என்று அங்கே கேட்கலாம். சிங்கராசா வழக்குக்கு அவ்வளவு துணிச்சல்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மறுவிசாரணை போதும். ஆகவே தடையாக நின்றது கோட்பாடு அல்ல, நீதிமன்றத்தின் தேர்வு என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். 2007இல் இலங்கை அந்த உடன்படிக்கைக்காக 56ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. ஆனால் உடன்படிக்கையில் உள்ள உயிர்வாழும் உரிமை அதில் இடம்பெறவில்லை. வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் அதன் 3ஆம் பிரிவைக் காட்டி, 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளரைச் சிறுகதை எழுதியதற்காகப் பிடித்து மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள்.