புழுங்கல் அரிசி ஜெயித்த கதை



சென்னையில் கூவம் ஆற்றை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. 1734-ஆம் ஆண்டு, கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கும்பெனிக்குத் துணி நெய்வதற்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். சின்னத்தறிப்பேட்டை என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். என் அக்காளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆபீஸ் வேலையாகப் பட்டணம் போனால் எனக்குச் சாப்பாடு அக்காள் வீட்டில்தான்.

என் அத்தானுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு தடவை போயிருந்தபோது மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். யாரோ ஒருவர் ஒரு கஷாயமும் கைக்குத்தல் புழுங்கல் அரிசியும் போதும் என்று சொல்லியிருக்கிறார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு அத்தான், "என்ன மாப்பிள்ளே, நீ பி.எஸ்சி. படிச்சவன். புழுங்கல் அரிசி விஷயத்துல இந்த டாக்டருங்க எல்லாம் நம்ம பாட்டிகிட்ட தோத்தாங்களா இல்லையா?" என்று மடக்கினார்.

தோற்றது உண்மைதான். ஆனால் எப்படித் தோற்றார்கள் என்பதை அத்தான் பாதிதான் கேட்டிருந்தார். முழுக்கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இருதயம் நின்றுவிடும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில், நீராவி மில்கள் வந்து அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்ட ஆரம்பித்ததும், கிழக்கு நாடுகளில் இந்த நோய் கொத்துக் கொத்தாக ஆட்களை வாங்கியது. அது கிருமிகளைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்த காலம். ஆகவே இதுவும் ஏதோ கிருமிதான் என்று டாக்டர்கள் தேடினார்கள்.

ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டரும் அப்படித்தான் தேடினார். அவர் ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. கொஞ்ச நாளில் தாமாகவே எழுந்தும் விட்டன. விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரி சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், பட்டாளத்துச் சோற்றைக் கண்ட கோழிக்கெல்லாம் போட முடியாது என்று நிறுத்திவிட்டார். கோழி பிழைத்தது! 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தச் சமையற்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

பிறகு ஜாவாவில் 101 சிறைச்சாலைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட இடத்தில் பதினாயிரம் பேருக்கு ஒருவர்தான்.

இனி நம் ஆட்கள் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு நம் தமிழ்ச் சனங்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். தகரச் சுரங்கங்களில் சீனர்கள் வேலை செய்தார்கள். பெரிபெரியில் சீனர்கள் மாண்டு போனார்கள். அதே வெயில், அதே மழை, நம் ஆட்களுக்கு மட்டும் அநேகமாக அந்த நோய் இல்லை. ஏன்? சீனர்கள் தின்றது பச்சை வெள்ளை அரிசி. நம்மவர்கள் கடல் தாண்டியும் புழுங்கல் அரிசியை விடவில்லை. பிராடன் என்ற அரசாங்க டாக்டர் இதைக் கவனித்து 1907-இல் புத்தகமே போட்டார். ஆனாலும் பச்சரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்றுதான் அவர் நினைத்தார். பாதி சரி, பாதி தப்பு.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படைக்காரர்கள் இன்னொரு பக்கம். ஒரு சாராருக்குப் பச்சரிசி, மறு சாராருக்குப் புழுங்கல். மற்றதெல்லாம் ஒன்றே. பச்சரிசி தின்றவர்களில் முப்பது பேருக்கு மேல் நோய் கண்டு 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்த நோயால் ஒரு சாவுகூட இல்லை. (மனிதரை வைத்து இப்படிச் செய்ய இன்று ஒருவரும் விடமாட்டார்கள்; விடவும் கூடாது.) பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ரோடு போடும் 300 கூலியாட்களிடம் இதையே செய்தார்கள். பாதியில் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் அரிசியோடு இடம் மாறியது.

ஐயா, இதை நீங்கள் உங்கள் வயலிலேயே செய்கிறீர்கள். ஒரு பாத்திக்குப் புது உரம், பக்கத்துப் பாத்திக்கு ஒன்றும் இல்லை. அறுத்து எடை போட்டுப் பார்ப்போம். உரக் கம்பெனிக்காரர் வாயை மட்டும் நம்பி வாங்குகிறோமா? பாட்டி ஜெயித்ததும் இப்படி இரண்டு பாத்தி வைத்துப் பார்த்த பிறகுதான்.

சூட்சுமம் இதுதான். தவிட்டில் இருப்பது தயமின் என்ற வைட்டமின் பி-1. நெல்லை ஊறப்போட்டு அவிக்கும்போது அந்தச் சத்து தண்ணீரில் கரைந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போகாது. இதை முதன்முதலில் ரசாயன முறையில் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், 1936-இல். அவர் பிறந்தது அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூரில்! அந்த வடக்குக் கரையோர ஜில்லாக்களில் பச்சரிசிப் பழக்கம். அங்கே பெரிபெரி இருந்தது. தெற்கே நம் பக்கம் புழுங்கல், இங்கே அபூர்வம்.

நம் முன்னோர்களுக்கு வைட்டமின் தெரிந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவித்தால் உமி சுலபமாகக் கழலும், நொய் குறையும். அதுவே போதுமான காரணம். ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். குன்னூரில் 1918-இல் சத்துணவு ஆராய்ச்சியைத் தொடங்கிய மக்காரிசன் என்பவர், பல பகுதிகளின் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் முதலிடம். மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி. பாலும் பருப்பும் கீரையும் குறைந்த வெறும் சோறு, புழுங்கலானாலும் அவ்வளவுதான்.

அத்தானிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "இந்தக் கஷாயத்தை எத்தனை பேருக்குக் கொடுத்தாங்க? கொடுக்காத எத்தனை பேரோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க?" பதில் இல்லை. பெரிபெரிக்கு மருந்தான அரிசி சர்க்கரைக்கு மருந்தாகாது. புழுங்கலிலும் மாவுச்சத்து இருக்கத்தான் செய்கிறது. அவர் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் காலில் ஒரு சின்னக் கொப்புளம் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அக்காள் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு அரைக்கும் நெல்லை மில்லில் ஒரு தீட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். அரிசியைத் தேய்த்துத் தேய்த்து ஏழு தண்ணீர் கழுவ வேண்டாம். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் மட்டும் கஞ்சியை டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

போன மாதம் சிந்தாதிரிப்பேட்டை போயிருந்தேன். அத்தான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "மாப்பிள்ளே, புழுங்கலா பச்சையான்னு டாக்டர் கேட்கவே இல்லை. எத்தனை கரண்டின்னுதான் கேட்டார்" என்றார்.