பார்வதி கிருஷ்ணன்

பார்வதி கிருஷ்ணன் (15 மார்ச் 1919 – 20 பிப்ரவரி 2014) இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவர், தொழிற்சங்கவாதி. 1954 முதல் 1957 வரை மாநிலங்களவை உறுப்பினர். பின்னர் கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியில் மூன்று முறை வென்றார்.

திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம் அவருடையது. தந்தை ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தாய் ராதாபாய், மங்களூரில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்குப் பாடுபட்ட குத்முல் ரங்கராவின் மகள். 1930 வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ராதாபாய் ஒருவர். அண்ணன்மார்களில் ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் குமாரமங்கலம், இன்னொருவர் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். இந்தப் பட்டியலின் கடைசியில்தான் பார்வதியின் பெயரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கோவை மில் தொழிலாளர் ஓட்டு அவருக்குக் குடும்பப் பெயரால் வந்ததல்ல.

இங்கிலாந்தில் படித்தபோது இடதுசாரி மாணவர் இயக்கத்துக்கு வந்தவர், 1942இல் கட்சித் தோழர் என். கே. கிருஷ்ணனை மணந்தார். கோவை அப்போது பஞ்சாலைகளின் ஊர். சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டதை மில் தொழிலாளர்கள் மறக்கவில்லை. அந்த ஊரில், 1957 தேர்தலில், ஜமீன் வீட்டுப் பெண் செங்கொடியுடன் நின்று ஜெயித்தார். அந்த ஆண்டு சென்னை மாநிலத்தில் கட்சிக்குக் கிடைத்த மக்களவை இடங்கள் கோவையும் மதுரையும் மட்டுமே. அதே தேர்தலில் திருச்செங்கோட்டில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றவர் சுப்பராயன். 1959இல் அவர் மத்திய அமைச்சருமானார். அப்பா ஆளுங்கட்சி வரிசையில், மகள் எதிர்வரிசையில்.

1962இல் பார்வதி தோற்றார். தோற்கடித்தவர் அதற்கு முன் பொள்ளாச்சி உறுப்பினராக இருந்த காங்கிரஸ்காரர் பி. ஆர். ராமகிருஷ்ணன்.

1973 மே 31 அன்று டெல்லி பாலம் அருகே விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களில் மோகன் குமாரமங்கலமும் இருந்தார். கோவையின் அப்போதைய உறுப்பினர், கட்சித் தோழர் கே. பாலதண்டாயுதமும் இருந்தார். அண்ணனையும் தோழரையும் ஒரே விபத்தில் பறிகொடுத்த பார்வதிதான் 1974 இடைத்தேர்தலுக்கு வேட்பாளர். எம்.ஜி.ஆரின் புதுக்கட்சியான அ.தி.மு.க. ஆதரவு தந்தது, வெற்றி கிடைத்தது. நெருக்கடி நிலையை ஆதரித்ததற்காக அவர் கட்சி 1977இல் நாடெங்கும் அடிவாங்கி 7 இடங்களில் ஒதுங்கியபோதும் கோவை அவர் கையில் இருந்தது. அவ்வெற்றியில் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணிக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1980இல் தொகுதி தி.மு.க.வின் இரா. மோகனிடம் போயிற்று. பார்வதி கோவையிலேயே 94ஆம் வயதில் காலமானார். கோவைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன பெண் 2024 தேர்தல் வரையிலும் அவர் ஒருவர்தான்.