தி.நகர் மாடிவீடும் எங்க ஊர் நத்தைக்கல்லும்

போன மாசம் பத்து நாள் மெட்ராஸ்ல இருந்தேன். மக்காச்சோளம் அடிச்சு மூட்டை போட்டாச்சு, மாட்டைப் பார்த்துக்கத் தம்பி இருக்கான், அதனால மகள் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். வீடு தி.நகர்ல, மூணாவது மாடி. பேரனுக்குப் பள்ளிக்கூடத்துல ஏதாவது ஒரு கல்லைக் கொண்டுவந்து அதைப்பத்தி நாலு வரி பேசச் சொல்லியிருந்தாங்களாம். "தாத்தா, ஊர்லேருந்து ஒரு கல்லு கொண்டாங்க"ன்னு போன்ல சொல்லியிருந்தான். முருங்கைக்கீரைக் கட்டோட, தொழுவத்துக் கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க முட்டுக்கொடுத்திருந்த நத்தைக்கல்லையும் பையில போட்டுக்கிட்டேன்.

வழக்கமா இங்க படிக்கிறவங்களுக்கு எங்க ஊர் அரியலூர்ப் பக்கம்னு தெரியும். ஏர் ஓட்டும்போது கொழுவில் மாட்டிக்கிட்டு இந்தக் கல் வரும். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி சுருண்டு, மேல வரி வரியா இருக்கும். சின்ன வயசுல வரப்போரம் எறிஞ்சுட்டுப் போயிடுவோம். அதுக்கு அம்மோனைட்னு பேரு, அது கணவாய், நண்டெல்லாம் திரிஞ்ச கடல்ல வாழ்ந்த பிராணியோட ஓடுன்னு ரொம்பப் பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது. நத்தைன்னு நாங்க சொன்னது தப்பு. கணவாய்க்கு அது பங்காளி முறை.

நாங்க வரப்போரம் எறிஞ்சதை வெள்ளைக்காரன் பொறுக்கிக்கிட்டுப் போனான். 1840-கள்ல மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த கே, கன்லிஃப்னு ரெண்டு பேர் திருச்சி ஜில்லாவுல சேர்த்த கல்லுங்களை லண்டனுக்கு அனுப்ப, அங்க எட்வர்டு ஃபோர்ப்ஸ்ங்கிறவர் பார்த்து 1846-ல எழுதி வெளியிட்டார். அப்புறம் பிளான்ஃபோர்டு வந்து ஊர் ஊரா நடந்து வரைபடம் போட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு அடுக்காப் பிரிச்சார். இன்னைக்கும் உலகத்துல எந்த மூலையில கிரிட்டேசியஸ் காலத்தைப் பத்திப் படிக்கிறவனும் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், கள்ளங்குறிச்சின்னு நம்ம ஊர் பேரை வாயில நுழைய வைக்கிறான். ஸ்டோலிச்காங்கிறவர் இந்த ஓடுகளை ஒவ்வொண்ணா வரைஞ்சு விவரிச்சு நாலு பெரிய தொகுதி கொண்டுவந்தார். அந்த மனுஷன் 1874-ல லடாக் மலையில, 36 வயசுல செத்துப்போனார். எங்க கொல்லைக் கல்லுக்காக அவ்வளவு உழைச்சவர் பேர் எங்க ஊர்ல ஒரு தெருவுக்குக்கூடக் கிடையாது.

விஷயத்துக்கு வர்றேன். பேரன் கல்லைக் கையில வாங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, இது எத்தனை வருஷம் பழசு?" 7 கோடி வருஷத்துக்கு மேலன்னேன். அவன் மூஞ்சியில ஒண்ணும் ஏறலை. அவனுக்குப் போன தீபாவளியே பழசு. அதனால ஒரு கணக்குப் போட்டோம். ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்னு வச்சு, வீட்டு வாசல்லேருந்து பின்னால நடக்கணும். எங்க நிலத்துப் பத்திரத்துல இருக்கிற கொள்ளுத் தாத்தா காலம் அரைச் சாண்ல வந்துடும். ராஜராஜ சோழன் ஒரு மீட்டர், வாசப்படியைத் தாண்டலை. அத்திரம்பாக்கத்துல கல்லாயுதம் செஞ்சவங்க 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவங்கன்னு சாந்தி பப்பு குழு கண்டுபிடிச்சாங்களே, அதுக்கே ஒன்றரை கிலோமீட்டர்தான், பாண்டி பஜார் நடந்துட்டு வர்ற தூரம். அம்மோனைட் கூட்டம் அத்தனையும் டைனோசரோட சேர்ந்து பூண்டோட அழிஞ்ச 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு 66 கிலோமீட்டர், செங்கல்பட்டைத் தாண்டிப் போகணும். "நடந்தேவா?"ன்னான். நடந்தேதான்.

மறுநாள் மாப்பிள்ளை லீவு போட்டு எங்களைப் பரங்கிமலைக்குக் கூட்டிட்டுப் போனார். மேல மாதா கோயில், கீழ மெட்ரோ, நடுவுல கருங்கல். நம்ம கண்ணுக்கு அது வெறும் ஜல்லிக்கல்தான். ஆனா அதுக்குப் பேர் கிடைச்ச கதை விசித்திரம். கல்கத்தாவை உண்டாக்கினவர்னு சொல்லப்படுற ஜாப் சார்னாக் 1690-கள்ல செத்தார். அவர் சமாதிக்கு வச்ச கல் நம்ம பக்கத்துலேருந்து போன கல். இருநூறு வருஷம் கழிச்சு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த ஹாலண்டுங்கிறவர் அதே சாதிக் கல்லைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் ஆராய்ஞ்சு, 1893-ல சார்னாக் பேரையே வச்சு சார்னாக்கைட்னு கூப்பிட்டார். அண்டார்டிகாவுல இருக்கிற அதே மாதிரிக் கல்லுக்கும் இப்ப அதான் பேரு. வயசு சுமார் 250 கோடி வருஷம். பேரன் கணக்குல 2,500 கிலோமீட்டர், டெல்லியைத் தாண்டியும் போயிட்டே இருக்கணும். பூமி பிறந்த நாளைத் தொடணும்னா டெல்லிக்குப் போய்த் திரும்பி மெட்ராஸுக்கே வந்தாலும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்.

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1863 மே 30-ந்தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்க ஒரு சரளைக் குழியில கல்லாயுதம் ஒண்ணைக் கண்டெடுத்தார். இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு காட்டின முதல் கல் அது. அவர் சேகரிச்சதையெல்லாம் எழும்பூர் மியூசியம் பிறகு வாங்கிக்கிச்சு. அந்த மியூசியமே 1851-ல கல்லுங்களை வச்சு ஆரம்பிச்சதுதான். மாம்பலத்துல எலெக்ட்ரிக் ரயில் ஏறிப் பேரனை அங்கயும் கூட்டிட்டுப் போனேன். அவனுக்குத் திமிங்கல எலும்புதான் பிடிச்சுது. எனக்கு ஃபூட் நினைப்புதான். குழி வெட்டுறவன் பக்கத்துல நின்னு மண்ணையே பார்த்துக்கிட்டிருந்திருப்பார் போல. அது எங்க தொழிலும்தானே.

அப்புறம் ஒருநாள் மயிலாப்பூர்ல மாப்பிள்ளையோட பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பழைய வீடு. சுவத்தைத் தொட்டா வழவழன்னு குளுகுளுன்னு இருக்கு. கிளிஞ்சலைச் சுட்டு, கடுக்காய்த் தண்ணி, வெல்லமெல்லாம் சேர்த்து அரைச்சுப் பூசின சுண்ணாம்பு. அந்தக் காலத்துல மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி இருக்கும்னு வெளிநாட்டுக்காரங்களே புகழ்ந்து எழுதியிருக்காங்க. பூஜை அறையில சாளக்கிராமம் இருந்துச்சு. பேரன் அதைப் பார்த்தவுடனே, "பெரிய பாட்டி, இது எங்க தாத்தா கல்லு!"ன்னு கத்திட்டான். எனக்குத் தர்மசங்கடமாப் போச்சு. ஆனா பையன் சொன்னது நிஜம். சாளக்கிராமமும் அம்மோனைட்தான். நேபாளத்துல காளி கண்டகி ஆத்துல உருண்டு வர்றது. இமயமலை எழும்புறதுக்கு முன்னாடி அங்க இருந்த கடல்ல வாழ்ந்தது, எங்க ஊர்க் கல்லைவிடவும் மூத்தது. அந்தம்மா கோவிச்சுக்கலை. "உங்க ஊர்ல பெருமாள் வயல்லயே கிடக்கறாரா?"ன்னு கேட்டாங்க. தொழுவத்துக் கதவுக்கு முட்டா இருந்ததை நான் சொல்லலை.

ராத்திரி தூக்கம் வரலை, மொட்டைமாடிக்குப் போய் நின்னேன். இந்த தி.நகரே ஒரு காலத்துல ஏரி. மாம்பலம் பக்கம் நீளமாக் கிடந்த பெரிய ஏரியை 1920-கள்ல வடியவிட்டு வீட்டு மனை போட்டதுதான். ஏரிக்கு மேல இப்ப நிக்கிற கட்டடம் எல்லாம் சிமெண்ட். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேணும். அரியலூர் ஜில்லாவைச் சுத்தி அத்தனை சிமெண்ட் ஆலை இருக்கிறது அதுக்குத்தான். கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுல பாதிக்கு மேல சிப்பியும் கிளிஞ்சலும்தான். கையகலச் சிப்பி அடுக்கடுக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை வெடிவச்சு உடைச்சு, மாவாக்கி, 1,450 டிகிரி சூட்டுல வேகவச்சு மூட்டை கட்டி அனுப்புறாங்க. மயிலாப்பூர் வீட்டுச் சுவர்ல இருக்கிறது நேத்துச் செத்த கிளிஞ்சல். தி.நகர் வீட்டுச் சுவர்ல 7 கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்த கிளிஞ்சல் இருக்கலாம். என் மகள் படுத்துத் தூங்குறது எங்க ஊர்க் கடலுக்குள்ளயோ என்னவோ.

இதை நினைச்சதுக்குக் காரணம் இருக்கு. என் மூணு ஏக்கரைச் சுரங்கத்துக்குக் கேட்டு ஒரு கம்பெனிக்காரங்க ஆறு மாசமா ஆள் அனுப்பிக்கிட்டிருக்காங்க. மேற்கால பங்காளிங்க கொடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் குழி எங்க கிணத்தைவிட ஆழம். கோடையில மோட்டார் போட்டா அரைமணி நேரத்துல காத்து வாங்குது. விலை நல்ல விலைதான், பொய் சொல்லக்கூடாது. வேணாம்னு சொல்ல எனக்குப் பெரிய தைரியமும் இல்லை. சிமெண்ட் வேணாம்னு சொல்ற யோக்கியதையும் இல்லை, என் வீடும் சிமெண்ட் வீடுதான்.

கள்ளமேட்டுக் கதைதான் மனசை அறுக்குது. அங்க ஒரு பெரிய டைனோசர் எலும்பு கிடைச்சுது. உலகத்துலயே பெருசா இருந்திருக்கலாம்னு சொன்னாங்க. பிருகத்காயசாரஸ்னு 1980-கள்ல பேரும் வச்சாங்க. ஆனா எலும்பு மக்கின எலும்பு. மழையிலயும் ஈரத்துலயும் பொலபொலன்னு உதிர்ந்து போச்சு. இப்ப மிஞ்சினது படமும் எழுத்தும்தான். அதனால அது நிஜமா அவ்வளவு பெருசான்னு இன்னைக்கும் சந்தேகப்படுறாங்க. எடுத்துக் காட்டப் பொருள் இல்லை. அதே நேரம் சாத்தனூர்ல பாருங்க, 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்ச 18 மீட்டர் கல்மரம், 12 கோடி வருஷத்து மரம், வேலி போட்டுக் காப்பாத்தியிருக்காங்க. வாரணவாசியில தொல்லுயிர் மியூசியமும் வந்திருக்கு. ஊர்க்காரங்க முட்டைமுட்டையா உருண்டைக் கல்லைப் பார்த்து டைனோசர் முட்டைன்னு புரளி கிளப்புறதும் உண்டு. பெரும்பாலும் அது மண் இறுகி உருண்டதுதான், முட்டை இல்லை. ஆனா புரளி வந்தாலாவது நாலு பேர் குனிஞ்சு பார்க்கிறானே.

பேரன் பள்ளிக்கூடத்துல பேசிட்டு வந்தான். டீச்சர் கல்லை வகுப்பிலயே வச்சுக்கலாமான்னு கேட்டாங்களாம். "அது தாத்தாவோடது, கேட்டுத்தான் சொல்லணும்"னுட்டு வந்துட்டான். வச்சுக்கட்டும்னேன். "அப்ப உங்க தொழுவத்துக் கதவுக்கு?"ன்னான். வயல்ல இன்னும் இருக்கு தம்பின்னேன்.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில புரோக்கர் வந்தார். டீ கொடுத்தேன். மேற்கு வயலை ஒருதடவை சுத்திப் பார்த்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு ஒரு சாக்கை எடுத்துக்கிட்டுப் போனேன். ரெண்டு மணி நேரத்துல பதினோரு நத்தைக்கல், சுறாப்பல் மாதிரி ஒண்ணு. சாக்கைத் தூக்கிக்கிட்டு வரும்போது அவர் இன்னும் திண்ணையிலதான் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அதுக்குள்ள கிழக்கால பாதியையும் பார்த்து முடிக்கணும்.